கணக்குங் கருவியும்

வீட்டிலிருந்து செய்துவரும்படி கொடுக்கப்படும் கணக்கை மாணவன் கருவியின் துணைகொண்டு செய்யலாமா என்னும் வினா, ஆசிரியர் நால்வர் கூடுமிடமெல்லாம் இன்று எழுகின்றது. கைப்பேசியின் படக்கண்ணைக் கணக்கின்மேற் பிடித்த மாத்திரத்தில் விடை மட்டுமன்றி, விடைக்குரிய வழியும் படிப்படியாகத் தோன்றுங் காலத்தில் அவ்வினா எழாதிருத்தல் இயலாது. ஆயினும் இதனைப் புதியதொரு வினா எனக் கருதுதல் பொருந்தாது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்திலே இருவர் இவ்வினாவின் பொருட்டு நூல்கள் இயற்றி ஒருவரையொருவர் வைதுகொண்டனர். அவ்வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை.

அவ்வழக்கின் வரலாற்றை அறிய விழைவார் முதலில் மடக்கையின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். ஸ்கொத்லாந்து நாட்டுப் பிரபுவாகிய யோன் நேப்பியர் 1614 ஆம் ஆண்டிலே தம் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித்தந்த அந்நூலைக் கண்டு வியந்த இலண்டன் கணிதப் பேராசிரியர் ஹென்றி பிறிக்ஸ், 1615 இல் எடின்பரோ சென்று நேப்பியரைக் கண்டு அளவளாவினார். பத்தினை அடியாகக்கொண்ட மடக்கைகள் அச்சந்திப்பின் பயனாகப் பிறந்தன. 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையுமுள்ள எண்களின் மடக்கைகளைப் பதினான்கு தசமதானங்களுக்குக் கணித்து, பிறிக்ஸ் 1624 இல் வெளியிட்டார். இடையிலே விடுபட்டவற்றை ஒல்லாந்தரான விளக் 1628 இல் நிறைவுசெய்தார். ஒரு மனிதன் ஆண்டுக்கணக்காக இருந்து செய்த உழைப்பை, அவனை அறியாத மற்றொருவன் ஒரு நொடியிற் பயன்கொள்ளும் வழி இவ்வாறு பிறந்தது. இன்றைய பொறிகள் செய்வதும் சாராம்சத்தில் இதுவே.

அறிஞர் எல்லோரும் இதனை மகிழ்ந்து வரவேற்றனர் என்று கூறிவிடல் இயலாது. வானநூல் வல்ல கெப்ளர் மடக்கைகளைக் கண்டு பெருமகிழ்வுற்றபோது, அவருடைய ஆசிரியரான மெஸ்லின் அம்மகிழ்ச்சியை ஒப்பவில்லை. கணக்குச் சுருங்கிற்று என்பதற்காகக் கணிதப் பேராசிரியர் ஒருவர் சிறுபிள்ளைபோற் களிப்பது தகாது என்பது அவர் கருத்து. நேப்பியரின் முதல் நூல் மடக்கைகள் இயற்றப்பட்ட வழியைக் கூறாது அட்டவணையை மாத்திரமே தந்தமையின், நிறுவலின்றி அவற்றை நம்புவது எங்ஙனம் என்ற ஐயமும் அக்கூற்றின் உள்ளே இருந்தது. கெப்ளர் ஆசிரியரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மடக்கைகளுக்குத் தாமே ஒரு நிறுவலை அமைத்து அதனையும் நூலாக்கி 1624 இல் வெளியிட்டார். 1627 இல் வெளிவந்த அவருடைய வானியல் அட்டவணைகள் அம்மடக்கைகளைக் கையாண்டே அமைந்தன. கருவியைக் கைவிடாமலும், அதன் உள்ளே நுழையாது விடாமலும் கெப்ளர் மேற்கொண்ட இச்செயல் மாணவர் அனைவரும் அறியவேண்டியது. எனினும் கெப்ளர்கள் எல்லா வகுப்புக்களிலும் இருப்பதில்லை.

இனி மேற்குறித்த வழக்கிற்கு வருவோம். இங்கிலாந்தின் சறே மாகாணத்தில் ஆல்பரி என்னுஞ் சிற்றூரிலே குருவாக இருந்தவர் வில்லியம் ஓற்றெட். பெருக்கற் குறியாக இன்று உலகம் எழுதும் சாய்சிலுவையை வழக்கிற் கொணர்ந்தவர் இவரே. தம்மை நாடிவந்த மாணாக்கர்க்கு ஊதியம் பெறாது கணிதம் கற்பித்தார். 1630 இல் அவர் வீட்டிலே தங்கிக் கற்றவர்களுள் போஸ்ரர் என்பவரும் ஒருவர். அக்காலத்திலே கண்டர் என்பார் மடக்கைகளைக் கோலொன்றிற் பொறித்து, கவராயத்தால் நீளங்களை அளந்து கூட்டிப் பெருக்கும் முறையொன்றை வகுத்திருந்தார். ஆறடி நீளமுள்ள அத்தகைய கோலொன்றைப்பற்றிப் போஸ்ரர் ஆவலோடு தம் ஆசிரியரிடம் கூறினார். அது தொல்லை மிகுந்த அற்பக் கருவியெனக் கூறிய ஓற்றெட், கருவிகளில் மாணவர்க்கு அத்துணை நாட்டமிருப்பின் தாம் பல ஆண்டுகளாக வைத்திருப்பதைக் காட்டுவதாகச் சொல்லி, ஒன்றினுள் ஒன்று சுழலும் வட்டங்களைக் கொண்டுவந்து காட்டினார். கவராயம் வேண்டாது, வட்டத்தைத் திருப்பிய அளவில் விடை தோன்றிற்று. ஸ்லைட் ரூல் எனப் பின்னர் உலகெங்கும் பரந்த நழுவுகோலின் மூதாதை அதுவே.

இத்துணை அரிய கருவியை இவ்வளவு காலமும் ஏன் மறைத்து வைத்திருந்தீர் என மாணவர் வியந்து வினவினார். அதற்கு ஓற்றெட் கூறிய மறுமொழியே இவ்வரலாற்றின் உயிர்நிலை. கலையின் மெய்வழி நிறுவலால் அமைவதன்றிக் கருவியால் அமைவதன்று என்றும், கருவியில் தொடங்கி அறிவியலைப் பின்தள்ளும் ஆசிரியர்கள் மாணாக்கரைக் கலைஞராக்காது செப்படிவித்தைக்காரராக்குகின்றனர் என்றும் அவர் கூறியதாகப் போஸ்ரர் 1632 இல் வெளியிட்ட நூலின் முகவுரையில் எழுதினார். விலைமதித்தற்கரிய காலம் வீணாவதோடு, நல்ல அறிவுபடைத்த மாணவரும் அறியாமையிலே கிடந்துழல்வர் என்பதும் ஓற்றெட்டின் குறை.

அம்முகவுரை ஒருவரைச் சுட்டெரித்தது. அவர் றிச்சட் தெலமெயின். மரவேலை செய்து வாழ்ந்து, பின் இலண்டனிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியராக உயர்ந்தவர். ஓற்றெட்டிடமும் பாடங் கேட்டவர். 1630 இலேயே அவர் அதே வகையான வட்டக் கருவியைப்பற்றி நூலொன்று வெளியிட்டு அதனைச் சாள்ஸ் மன்னருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். கருவியை முதலிற் கண்டவர் யார் என்பது வழக்கின் ஒரு பகுதி. அப்பகுதியை வரலாற்றாசிரியர் பலரும் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஈண்டு அது வேண்டப்படாதது. மற்றைய பகுதியே கல்விக்கு உரியது. செப்படிவித்தைக்காரர் என்ற சொல் தம்மிடம் பயின்ற பிரபுக்களையும் கனவான்களையும் இழித்துரைத்ததாகத் தெலமெயின் சினந்தார். எல்லோருக்கும் நிறுவல்களைத் துருவிக் கற்கும் ஓய்வும் ஆற்றலும் இல்லை என்றும், கருவியின் பயனைச் சுவைத்த ஒருவனே அதன் காரணத்தை அறிய விரும்புவான் என்றும் அவர் வாதித்தார். ஓற்றெட் நீண்டதொரு மறுப்பு எழுதினார். கருவியைத் தாம் வெறுக்கவில்லை, இளமை தொட்டுக் கருவிகள் செய்து பழகியவரே தாம், முறைபிறழ்தலையே மறுத்தோம் என்பது அதன் சாரம்.

இருவரின் கூற்றையும் சீர்தூக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஓற்றெட்டிடம் வந்தவர்கள் கோடை முழுவதும் ஆசிரியர் வீட்டிலேயே தங்கிக் கற்கும் வாய்ப்புப் பெற்றவர்கள். தெலமெயினிடம் வந்தோருட் பலர் ஒரு காரியம் முடியவேண்டி வந்தவர்கள். மாணவன் யார் என்ற வினாவை விடுத்துக் கருவி நன்றா தீதா எனக் கேட்டமையாலேயே இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவில்லை. ஒழுங்குபற்றிய அளவில் ஓற்றெட்டின் கட்சியே வலியது. ஆனால் தச்சராயிருந்து முன்னேறிய ஒருவரின் மாணாக்கரை வித்தைக்காரர் என எள்ளியது நேரியதன்று. அறிஞர்க்கு அத்தகைய நாவடக்கமின்மை எக்காலத்தும் உண்டு.

பண்டைக்காலத்துப் பிள்ளைகள் கருவியெதுவுமின்றித் தம் மூளையாலேயே கணக்குச் செய்தனர் என்றும், ஆதலின் கணக்கின் தத்துவத்தை உணர்ந்திருந்தனர் என்றும் தமிழர் பலர் பெருமையுடன் கூறுவர். இக்கூற்றின் முதற்பாதி ஓரளவு உண்மை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்சுவடியை நாள்தோறும் உரத்தோதி மனனஞ் செய்தான். முந்நூற்றிருபதில் ஒரு கூறாகிய முந்திரி, எண்பதில் ஒரு கூறாகிய காணி, இருபதில் ஒரு கூறாகிய மா, பதினாறில் ஒரு கூறாகிய வீசம் என்னும் கீழ்வாயிலக்கங்களின் பெருக்கமும் அவன் நாவில் நின்றன. நெல் அளக்குமிடத்தும் நிலம் அளக்குமிடத்தும் ஏடும் எழுத்தாணியும் இன்றியே அவன் விடை கூறினான். இன்று பொறியின்றி இருபத்தேழை எட்டாற் பெருக்கத் தயங்கும் பிள்ளையை அவனோடு ஒப்பிட்டுக் கவலுதல் இயல்பே.

ஆனால் கூற்றின் பிற்பாதி ஐயத்துக்குரியது. மனனஞ் செய்த வாய்பாடும் ஒரு கருவிதான். அது கையிலிராது நினைவிலிருக்கின்றது என்பதே வேறுபாடு. இதற்குச் சான்றாகத் தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்று எழுத்திற் பதிவாகியுள்ளது. சென்னை வானாய்வு நிலையத்திற் கடமையாற்றியவராகிய யோன் வாறன் என்பார், தென்னிந்தியரின் கால அளவை முறைகளை ஆராய்ந்து 1825 இல் ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவர்முன் அமர்ந்து சோகிகளை நிலத்திற் பரப்பி, அவற்றை எண்களாக வைத்துக்கொண்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் கையில் ஏடில்லை; எழுதவுமில்லை. வேண்டிய அட்டவணைகளெல்லாம் செயற்கையான சொற்களாகவும் அசைகளாகவும் அவர் நெஞ்சில் இருந்தன. இச்சொற்களே வாக்கியம் எனப்படுவன. அவற்றைக் கொண்டு கணிக்கப்படும் பஞ்சாங்கமே யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த வாக்கிய பஞ்சாங்கம்.

அக்கணிதரின் விடை கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் உண்மையினின்று வேறுபட்டது. சோகிகளைக் கொண்டு நிலத்திலிருந்து செய்த கணிப்பு என்று நோக்குமிடத்து இது வியத்தற்குரிய செயலே. எனினும் அவர் செய்தவற்றின் காரணத்தைக் குறித்து வாறன் எழுதிய செய்தி வேறானது. கணிதர் அபாரமான நினைவாற்றல் படைத்தவரென்றும், தாம் கையாண்ட முறையின் வானநூற் கோட்பாட்டை அவர் சிறிதும் அறியாரென்றும் அவர் குறித்துள்ளார். வேறுவிதமாகக் கூறின், ஓற்றெட் பழித்த வித்தைக்காரர் நிலை கருவியேயின்றியும் தோன்றக்கூடும்.

இப்பதிவு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பண்டைக் கணிதவியலை ஆராய்ந்த ஒட்டோ நொய்கெபவர் 1952 இல் தமிழ் வானநூல் என்னுந் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி அதன் அருமையை உலகுக்குக் காட்டினார். சந்திரனின் ஓட்டத்தை 248 நாள் கொண்ட வட்டமாகக் கொள்ளும் முறை, பபிலோனியரிடத்துந் தோன்றி, கிரேக்கர் எழுதிய பப்பிரசு ஏடுகளிலுங் காணப்படுவது. சந்திரன் பூமிக்கு மிக அணித்தான நிலையினின்று மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27½ நாள் செல்லும். ஒன்பது முறை வர ஏறத்தாழ 248 நாள் செல்லும். இக்காரணத்தை அறியாத ஒருவர் நாவில் அம்முறை நூற்றாண்டுகள் பல கடந்து சிதையாது வந்து சேர்ந்தது. விளங்காது மனனஞ் செய்தோரை முற்றாகப் பழிப்பவர் இதனையும் எண்ணல்வேண்டும். அவர் விளங்கிக்கொள்ளவில்லை, ஆயினும் காத்துத் தந்தார்.

ஈழத்திலும் இதனோடொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தாபித்த செமினரியில் கணிதமும் வானநூலும் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்துக்கு அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்திற் குறித்த காலமும் அளவும், செமினரி அதிபர் டானியேல் பூவர் கணித்தவற்றோடு மாறுபட்டன. கிரகண இரவில் யாவருங் காண அவதானித்தபோது பூவரின் கணிப்பே பொருந்திற்று என்பது மிசன் வரலாறுகள் கூறுஞ் செய்தி. மதப்போட்டி மிக்கிருந்த காலமாகையால் இருசாராரும் அதற்கு வேறுவேறு பொருள் கொண்டனர். கணிதம் கற்பிப்போர் அதிற் காணவேண்டியது வேறொன்று. ஐரோப்பிய முறையிற் கணிப்போரும் அக்காலத்தில் அச்சிட்ட சூரிய சந்திர அட்டவணைகளைப் பார்த்தே கணித்தனர். ஒவ்வொருவரும் மூலத்திலிருந்து தொடங்கவில்லை. இருசாராரும் பிறர் செய்துவைத்த கருவியையே கையாண்டனர். ஒருசாராரின் அட்டவணை அவதானத்துக்கேற்பக் காலந்தோறும் திருத்தப்பட்டு வந்தது. மற்றையோரது, வாக்கியமாய் இறுகி, திருத்துவார் கைக்கு எட்டாது நின்றது. திருத்துவதற்குக் காரணமறிந்தவன் ஒருவன் வேண்டும்.

பின்னர் ஆங்கிலக் கல்வி பரவியபோது மடக்கை அட்டவணை இந்நாட்டு மாணவர் பையிலும் இடம்பிடித்தது. கேம்பிரிட்ஜ், இலண்டன் சோதனைகளுக்குத் தோற்றிய தலைமுறையினர் அதனைப் புரட்டியே வளர்ந்தனர். மடக்கையைப் பயன்படுத்துவது மூளையைக் கெடுக்கும் என்று அப்போது எவரும் கூக்குரலிட்டதாகத் தெரியவில்லை. மெஸ்லினின் ஐயம் மறைந்து, முன்னொருகால் கருவியாயிருந்தது பாடமாகவே மாறிவிட்டது. சிறப்பியல்பு, தசமக்கூட்டு என்பனவற்றைப் பிழையறப் பிரித்தெழுதப் பழகுவதே ஒரு கல்வியாயிற்று. அதனைப் பழகியோருள் எத்தனை பேர் அவ்வட்டவணை இயற்றப்பட்ட வழியை அறிந்திருந்தனர் என்று கேட்பது, கல்குலேற்றரைக் குறைகூறும் மூத்தோருக்குச் சற்றுச் சங்கடம் தரும் வினாவாகும்.

கல்குலேற்றர் எனும் கைக்கணிகருவி வந்த வரலாறு விரைவானது. 1972 இல் அமெரிக்காவிலே ஹியூலெற் பக்காட் நிறுவனத்தார் திரிகோணகணிதச் சார்புகளையும் மடக்கைகளையும் கணிக்கவல்ல சட்டைப்பைக் கருவியை 395 டொலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். சில ஆண்டுகளுள் மூன்றரை நூற்றாண்டு வாழ்ந்த நழுவுகோல் மறைந்தது. விலை குறையக் குறையக் கருவி பள்ளிப்பிள்ளையின் கைக்கும் வந்தது. அமெரிக்கக் கணித ஆசிரியரின் தேசிய மன்றம் 1980 இல் வெளியிட்ட அறிக்கையில் எல்லா வகுப்புக்களிலும் கணிகருவிகளையும் கணினிகளையும் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 1982 இல் வெளிவந்த கொக்குறொப்ற் அறிக்கையும் அக்கருத்தைத் தழுவியது. 1986 இல் அம்மன்றத்தின் மாநாடு வாஷிங்டனிற் கூடியபோது ஆசிரியர் சிலர் பதாகைகளேந்தி வாசலில் நின்று, மூளை பழகுமுன் பொத்தானை அழுத்துவதாற் பயனில்லை என முழங்கினர். அவர்கள் அறிந்தோ அறியாமலோ ஓற்றெட்டின் கட்சியையே பேசினர்.

அதே 1986 இல் ஹெம்பிறீ, டெசாட் என்னும் ஆய்வாளர் இருவர் எழுபத்தொன்பது ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். வழக்கமான போதனையோடு கணிகருவியையும் பயன்படுத்திய மாணவரின் திறன் பொதுவாகக் குன்றவில்லை, சில இடங்களில் வளர்ந்தது என்பது அவர்தம் முடிபு. ஒரு விலக்கு மட்டும் இருந்தது. நான்காம் வகுப்பிலே கருவியை இடைவிடாது பயன்படுத்திய சராசரி மாணவரின் அடிப்படைத் திறன் தடைப்பட்டதாகக் கண்டனர். கூட்டலும் பெருக்கலும் வேரூன்றும் பருவம் அதுவாகையால் இது எதிர்பாராததன்று. இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான தேசிய சோதனையில் 2014 முதல் கணிகருவி விலக்கப்பட்டது. மேல்வகுப்புச் சோதனைகளில் அது நீடித்தது.

கணிகருவி எண்ணை மட்டுமே கணித்தது. எந்த எண்ணை எதனோடு சேர்ப்பது என்னுந் தீர்மானம் மாணவனிடமே இருந்தது. வாக்கியத்தில் அமைந்த கணக்கைச் சமன்பாடாக்குதல், கேத்திரகணித நிறுவலுக்கு வழிகாணுதல் ஆகியன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டன. 2009 இல் வொல்பிறம் அல்பாவும், 2014 இல் ஒளிப்படத்தைக் கொண்டு கணக்கைத் தீர்க்கும் போட்டோமத்தும், 2022 இறுதியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவும் வந்தபின் அவ்வெல்லை அழிந்துவிட்டது. கருவி இப்போது வழியையும் எழுதித் தருகின்றது. பிழையான வழியையும் அதே உறுதியோடு எழுதித் தருவது அதன் புதிய இயல்பு. மடக்கை அட்டவணையில் அச்சுப்பிழை இருந்தாலன்றி அத்தகைய ஆபத்து இருந்ததில்லை. ஆகவே ‘அன்று மடக்கை, இன்று இது’ என ஒப்பிட்டு அமைதியடைவார் கூற்று முழுதும் ஏற்கத்தக்கதன்று.

இவ்விடயத்தில் ஊகத்தை விடுத்துச் சோதித்துப் பார்த்தோரும் உளர். துருக்கி நாட்டு உயர்நிலைப் பாடசாலையொன்றிலே 2023 இல் ஏறத்தாழ ஆயிரம் மாணவரைக்கொண்டு ஒரு பரிசோதனை நிகழ்ந்தது. அதன் முடிபுகள் 2025 இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தன. மாணவர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நூலையும் குறிப்பையும் மட்டும் கொண்டு பயிற்சிக் கணக்குகளைச் செய்தனர். இன்னொரு பிரிவினர் கேட்டதற்கெல்லாம் விடை கூறும் உரையாடற் கருவியைப் பெற்றனர். மூன்றாம் பிரிவினர்க்குக் கொடுக்கப்பட்ட கருவி விடையை நேரே சொல்லாது, குறிப்பு மட்டும் தந்து மாணவனையே செய்யவிடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. பயிற்சிக் கணக்குகளில் இரண்டாம் பிரிவினர் முதற் பிரிவினரினும் 48 வீதமும், மூன்றாம் பிரிவினர் 127 வீதமும் மேம்பட்டு நின்றனர். வீட்டுக் கணக்குக் கொப்பிகளை மட்டும் திருத்தும் ஆசிரியர் ஒருவர் இவற்றைக் கண்டு மகிழ்ந்திருப்பார்.

பின்னர்க் கருவிகள் யாவும் வாங்கிவைக்கப்பட்டுச் சோதனை நடைபெற்றது. விடையை நேரே பெற்றுப் பழகிய இரண்டாம் பிரிவினர், கருவியை என்றுமே தொடாத முதற் பிரிவினரினும் 17 வீதம் தாழ்ந்தனர். தாம் குறைவாகக் கற்றோம் என்ற எண்ணமும் அவர்களிடம் இருக்கவில்லை. மூன்றாம் பிரிவினரிடம் அத்தாழ்வு பெரும்பாலும் காணப்படவில்லை. ஆயினும் பயிற்சியில் அவர் பெற்ற பெரும் மேம்பாடு சோதனையில் நிலைக்கவுமில்லை, அவர்கள் முதற் பிரிவினரோடு ஏறக்குறைய ஒத்தே நின்றனர். அம்மூன்றாம் கருவி எந்தக் கணக்கில் மாணவர் எவ்விடத்தில் வழுவுவர், அவ்விடத்தில் எதனைக் கூறவேண்டும், எதனைக் கூறாது விடவேண்டும் என்பவற்றைத் தானே அறிந்ததன்று. அவற்றை அதற்கு வகுத்துக் கொடுத்தோர் ஆசிரியர்கள்.